பால்கனி ஜெரானியத்தில் குருத்துப்பூச்சி வேலை

காரைக்கால், திருமலைராயன்பட்டினம் பக்கத்திலிருந்து பிரான்சுக்குக் குடியேறுகிறவர்களுக்கு முதலில் வாய்க்கும் தோட்டம் நாலு முழ பால்கனிதான். கறிவேப்பிலைத் தொட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, எதிர்வீட்டைப் பார்த்து நாமும் கம்பியில் ஜெரானியம் பூச்செடி மாட்டுவோம். மார்செய், மோன்பெலியே மாதிரி தெற்கூர்களில் கோடை நடுவில் மொட்டு கருகி, தண்டு கறுத்துத் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவது வழக்கமான தப்பு, வேர்தான் அழுகும்.

தண்டில் ஊசித்துளை இருக்கிறதா, கீழ் இலையில் எச்சம் சிந்தியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சம்பா வயலில் குருத்துப்பூச்சி செய்யும் அதே வேலை. ஆள் மட்டும் வேறு. இறக்கை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் வரும் வெண்கலப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி, ஓரமெல்லாம் வெள்ளைக் கட்டம், பின்னிறக்கையில் மயிரிழை வால். தென்னாப்பிரிக்காவிலிருந்து செடியோடு வந்து, 1990 வாக்கில் மயோர்க்கா தீவில் பரவி, பிறகு ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் என்று ஏறியது. நம் துவரை, அவரைப் பூவில் முட்டையிடும் நீலப்பூச்சிக்குப் பங்காளி. மொட்டருகே ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். பச்சைப் புழு மொட்டைக் குடைந்து, அப்படியே தண்டுக்குள் இறங்கிவிடும்.

ஊர்ப் பழக்கத்தில் மருந்துக்கடை தேடிப் பயனில்லை. 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரருக்கு இரசாயனப் பூச்சிமருந்து விற்பதில்லை. பெட்டியில் கொண்டுவரவும் கூடாது. பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து கிடைக்கும். ஆனால் புழு அதைத் தின்றால்தான் சாகும். உள்ளே போனதற்கு எட்டாது. வெயிலில் வீரியமும் போய்விடும். அதனால் பூச்சி பறக்கக் கண்டதும் மாலையில் மொட்டு நனைய அடித்து, டப்பாவில் சொன்ன இடைவெளியில் திரும்ப அடியுங்கள்.

உள்ளே இறங்கிவிட்டதா, கத்திதான் மருந்து. கறுப்புக்குக் கீழிருந்து விரல்கடை விரல்கடையாக நறுக்கி, வெட்டுமுகம் துளையில்லாமல் பச்சையாகத் தெரியும்வரை இறங்குங்கள். மனசு கேட்காமல் பாதியில் நிறுத்தினால் புழு மிச்சத் தண்டிலேயே இருக்கும். நறுக்கியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

பக்கத்து வீட்டம்மா ஆசையாகத் தரும் பதியன் குச்சியிலும் புழு வரும். வாங்கிக்கொள்ளுங்கள், நட்டுத் தனியாக ஒரு மாதம் வையுங்கள். கடும்பனியில் இந்தப் பூச்சி தாங்காது. அக்டோபரில் தொட்டியை உள்ளே எடுக்கிறோமே, அப்போதுதான் அதைக் காப்பாற்றிவிடுகிறோம். எடுக்கும் முன் ஒவ்வொரு தண்டையும் தடவிப் பார்த்து, சந்தேகமானதை வாசலிலேயே வெட்டிவிடுங்கள்.