வஸ்லி தாளும் குற்றாலச் சாரலும்

ஜூன் 12

காலையிலிருந்தே சாரல். தென்காசியில் இந்த மாதம் பசை காய்வேனா என்கிறது. ஒட்டி வைத்த வஸ்லி இன்னும் ஈரம்தான். மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய கெட்டித்தாள் அது. முகலாய, பகாடி (இமயமலை அடிவாரச் சிற்றரசுகளின்) சிற்றோவியங்களுக்கெல்லாம் அடித்தளம். பசையில் துளி மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்தால் பூச்சி அண்டாது.

எல்லோரும் கேட்பது தூரிகையைப் பற்றித்தான்: "ஒத்த அணில் முடியில செஞ்சதாமே?" அணில் முடி உண்மை. ஒற்றை முடி கதை. பல முடிகளைச் சேர்த்துக் கட்டினால் நுனி ஒரு முடியில் போய் முடியும், அவ்வளவுதான்.

ஜூன் 15

நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி ஊறப் போட்டேன். வண்ணப்பொடியைத் தாளோடு பிடித்து வைப்பது இதுதான். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருநீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குக்கரி. பழைய ஓவியர்களின் பெட்டி ஏறக்குறைய மருந்துக்கடைதான். சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்தில் ஆர்சனிக் என்பதால் அவற்றை நான் தொடவில்லை. டியூப் வண்ணம் போதும். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் நீலக்கல் அரண்மனைக்குக் கட்டும், நமக்கு ஆகாது.

ஜூன் 18

இன்று முழுக்க மெருகு. படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, முதுகுப்பக்கம் அகேட் என்னும் வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்க்க வேண்டும். என்னிடம் இருப்பது திருச்செந்தூரில் வாங்கிய பெரிய சோழி. "ஏட்டி, படத்துக்கு இஸ்திரி போடுதியா?" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட அதேதான். ஒரு பூச்சு, மெருகு, அடுத்த பூச்சு, மறுபடி மெருகு. வண்ணம் இறுகித் தாளோடு ஒன்றாகிவிடும். அச்சுப்படங்களில் அந்த மினுமினுப்பு வரவே வராது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது.

ஜூன் 21

குற்றாலம் சித்திரசபை, நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. கூட்டமெல்லாம் அருவியில், இங்கே நிம்மதியாகப் பார்க்கலாம். நடராசரே இங்கே சிலையாக இல்லை, சுவரோவியமாகத்தான் இருக்கிறார். அண்ணாந்தும் நடந்தும் பார்க்க வேண்டிய படங்கள். சிற்றோவியமோ மடியில் வைத்துப் பார்ப்பதற்கானது. ஆனால் அளவு மட்டுமா வித்தியாசம்? சுவரைக் கவிழ்த்து முதுகில் தேய்க்க முடியாதே!

ஓலைச்சுவடியிலும் படத்துக்கு இடம் போதாது. கிழக்கிந்தியாவை ஆண்ட பால அரசர்களின் 11ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் படம் ஓலையின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் மேற்கிந்தியச் சமணச் சுவடிகள் தாளுக்கு மாறத் தொடங்கிய பிறகுதான் படம் மெல்ல உயர்ந்தது.

சரி, அடுத்த வஸ்லியில் வெறும் பின்னணியோடு ஓர் ஆள். பகாடிச் சிற்றரசான குலேரின் ஓவியர் நைன்சுக் 18ஆம் நூற்றாண்டில் தன் புரவலர் பல்வந்த் சிங்கை அப்படித்தான் பலமுறை வரைந்தார். மெருகு சரியில்லையென்றால் அந்த வெற்றிடத்தில்தான் பல்லிளிக்கும்.