மூன்றாவது வீலில் மூலை பிடித்தது

வெள்ளி நிறத்திலிருந்த நான்கு அலாய் வீல்களை, பவுடர் கோட்டிங் மூலம் (மின்னூட்டிய நிறப்பொடியைத் தூவி, ஓவனில் சுட்டுப் படியவைப்பது) மெட்டாலிக் வெண்கல நிறத்துக்கு மாற்றும் வேலையில், மூன்றாவது வீல் நேற்றிரவு ஓவனிலிருந்து குறையில்லாமல் வெளியே வந்தது. முதல் இரண்டிலும் முகப்பு பளபளவென்று இருக்க, ஸ்போக்குகள் ரிம்மோடு சேரும் உள்மூலைகளில் மட்டும் நகக்கண் அகலத்துக்கு வெற்று அலுமினியம் பல்லிளித்தது.

பழைய பெயிண்டை உரித்தது, சாண்ட் பிளாஸ்டிங் செய்தது, வால்வையும் சென்சாரையும் கழற்றியது எல்லாம் வழக்கம்போலத்தான். நட் அமரும் சரிவுகளை மட்டும் சிலிக்கோன் அடைப்பான்களால் இரண்டு முறை சரிபார்த்து மறைத்தேன். அங்கே பூச்சு ஏறினால் அது நாளடைவில் நசுங்கி, முறுக்கிய இறுக்கம் தளர்ந்துவிடும். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் தங்கிய வாயு பூச்சைக் குமிழியிட்டு வெளியேறாமலிருக்க, பவுடர் அடிப்பதற்கு முன்பே வெறும் வீலை 190 டிகிரியில் ஒரு முறை சுட்டு எடுத்தேன். அதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை, ஏனெனில் மிகையான வெப்பத்தில் வார்ப்பின் டி6 பதம் (வெப்பமூட்டிக் கடினமாக்கிய நிலை) குலைந்து வலிமை குறையும்.

இனி அந்த மூலை விவகாரம். மின்னூட்டம் பெற்ற பவுடர், எர்த் ஆன உலோகத்தில் தனக்கு அருகிலிருக்கும் விளிம்புகளையே முதலில் நாடும். குழிந்த மூலைக்குள் மின்புலம் வலுவிழந்துவிடுவதால் அங்கே போக மறுக்கும். ஃபாரடே கூண்டு விளைவு என்று இதைப் படித்திருந்தும், பிடிக்காத இடத்துக்கு இன்னும் கொஞ்சம் விசை கொடுப்போம் என்று பவுடர் தூவும் கன்னின் மின்னழுத்தத்தை 90 கிலோவோல்ட்டுக்கு ஏற்றியது என் முட்டாள்தனம். விளிம்புகளில் பவுடர் தடித்து, ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரத்ததே தவிர மூலை அப்படியே கிடந்தது.

இரண்டாவதும் கெட்ட பிறகுதான் வீலைத் தொங்கவிட்ட கொக்கியைக் கவனித்தேன். முந்தைய வேலைகளில் படிந்த பவுடர் அதில் அடுக்கடுக்காகச் சுடப்பட்டு, கம்பிக்கு உறை போட்டதுபோல் இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை வீலிலும் மற்றொன்றை எர்த் கம்பியிலும் வைத்தபோது தொடர்பே காட்டவில்லை; மின்தடை ஒரு மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. வீல் தொங்கும் வளைவையும் கொக்கி சட்டத்தில் மாட்டும் வளைவையும் அரத்தால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்த பின், அளவீடு ஒரு ஓமுக்கும் கீழே இறங்கியது.

மூன்றாவது வீலில் மின்னழுத்தத்தை 40க்குக் குறைத்து, காற்றையும் தணித்து, பவுடர் பாய்ந்து அடிக்காமல் ஊதுவத்திப் புகைபோல மூலைக்குள் மிதந்து இறங்கும்படி கன்னைச் சாய்த்துப் பிடித்தேன். முதலில் மூலைகள், அடுத்து உட்புறம், கடைசியில்தான் முகப்பு. ஓவனுக்குள் வைக்குமுன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால், பிடிக்காத இடம் மங்கலான பவுடருக்கு நடுவே மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உலோகம் 180 டிகிரியை எட்டிய பின்பே 20 நிமிடக் கணக்கைத் தொடங்கினேன். ரிம் சீக்கிரம் சூடாகும், நடுவிலுள்ள தடித்த ஹப் பகுதி பின்தங்கும் என்பதால் வெப்பமானியின் கம்பியை ஹப்பில்தான் பொருத்தியிருந்தேன். வெறும் அலுமினியத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து நம்பக்கூடாது. பளபளப்பான உலோகத்தில் அது மிகக் குறைவாகவே காட்டும்.

கெட்ட இரண்டையும் மறுபடி உரிக்கத்தான் வேண்டும், ஏனெனில் மூலையில் மட்டும் ஒட்டுப்போட்டால் மெட்டாலிக் நிறத்தில் திட்டு தெரியும். எஞ்சினின் வால்வு கவரையும் இதே நிறத்தில் அடித்துவிடலாம் என்று இதற்குள் ஆசை வேறு வந்துவிட்டது. ஆனால் முதல் பெட்டி தீர்ந்துபோய், விற்பவர் அனுப்பிய இரண்டாவது பெட்டியில் தயாரிப்புத் தொகுதி எண் மாறியிருக்கிறது. ஒரே தொகுதியில் வேண்டும் என்று கேட்டு எழுதியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெட்டாலிக் பவுடரில் தொகுதி மாறினால் சாயல் மாறக்கூடும் என்பதால், புதியதை ஒரு துண்டுத் தகட்டில் அடித்துச் சுட்டு, நாளை வெயிலில் மூன்றாவது வீலின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன். ஒத்துப்போகாவிட்டால், உருப்படியாக வந்த அந்த ஒன்றையும் சேர்த்து நான்கையும் உரிக்க வேண்டியிருக்கும்.