ரைன் கரையில் கொலைகாரனுக்குச் சிலை

ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகருக்குக் குடிவந்த முதல் ஞாயிறு, பால் வாங்கக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சரி, வந்ததற்கு ஆற்றையாவது பார்ப்போம் என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரைன் கரைக்கு நடந்தோம். அங்கே ஒரு வெண்கல வீரன், பெரும் புதையலை ஆற்றில் வீசப்போகிற கோலத்தில் நின்றிருந்தான். என் கணவர் கைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னார்: பெயர் ஹாகன், சிலை செய்தது 1905. ஒரு பழைய ஜெர்மன் காவியத்தில், சுனையில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாயகன் ஸீக்ஃப்ரீடை முதுகில் ஈட்டி எறிந்து கொன்றவன். ஸீக்ஃப்ரீடின் மனைவி கிரீம்ஹில்டின் செல்வத்தைப் பறித்து ஆற்றில் போட்டவனும் இவன்தான்.

கொல்லப்பட்டவனை விட்டுக் கொன்றவனுக்கு ஏன் ஆற்றங்கரையில் இடம்? இந்த நாட்டைப் பற்றி எனக்குள் எழுந்த முதல் பெரிய கேள்வி அது. முகவரிப் பதிவு, காப்பீடு, குப்பையை நான்கு விதமாகப் பிரிப்பது என்று ஓடிய அந்த மாதங்களிலும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அந்தக் காவியத்தின் பெயர் நீபெலுங்கன்லீட். 1200ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. பாடியவர் பெயர் தெரியாது. பாஸாவ் பக்கத்துக்காரர் என்று கருதுகிறார்கள். 39 படலங்கள். முதல் பாதி பெரும்பாலும் எங்கள் ஊரில் நடக்கிறது. தேவாலய வாசலில் யார் முதலில் நுழைவது என்று கிரீம்ஹில்டும் அவள் அண்ணன் மனைவி, அரசி புரூன்ஹில்டும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையிலிருந்துதான் கொலை முளைக்கிறது. மொழி வகுப்புக்குப் போகும் வழியில் பேராலயத்தின் வடக்கு வாசலைத் தினமும் கடப்பேன். நம் ஊரில் கோயில் மரியாதையில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று வெட்டுக்குத்து வரை போனதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது அந்நியமாகவே இல்லை.

டிராகனின் ரத்தத்தில் குளித்த ஸீக்ஃப்ரீடின் தோள்களுக்கு நடுவே ஒரு லிண்டன் இலை ஒட்டிக்கொண்டதால் அந்த ஓர் இடம் மட்டும் கெட்டிப்படாமல் போனது. அந்த இலை நம் அரசிலையின் தங்கச்சி மாதிரி இருக்கும். ஜூன் மாதம் எங்கள் தெரு முழுக்க அதன் பூ மணம்தான்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது இரண்டாம் பாதியில் வரும் ரூடிகர். ஹூணர் அரசன் எட்ஸெலிடம் நிலமும் கோட்டையும் பெற்றவன். விதவையான கிரீம்ஹில்டை எட்ஸெலுக்காகப் பெண் கேட்டு வந்தபோது, உங்களுக்கு யார் தீங்கு செய்தாலும் நான் பழி தீர்ப்பேன் என்று கிரீம்ஹில்டுக்குச் சத்தியம் செய்துகொடுக்கிறான். பிறகு அவளுடைய சகோதரர்கள், ஹாகனும் கூட வர, எட்ஸெலின் விருந்துக்குப் போகும் வழியில் ரூடிகர் வீட்டில் தங்குகிறார்கள். இளையவன் கீஸெல்ஹருக்குத் தன் மகளையே நிச்சயம் செய்கிறான். விருந்தில், கணவன் கொலைக்குக் கிரீம்ஹில்ட் பழி தேடச் சண்டை மூண்டதும், ரூடிகருக்குப் பழைய சத்தியத்தை நினைவூட்டுகிறாள். கொடுத்த நிலம், கோட்டை எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நான் கால்நடையாகவே போய்விடுகிறேன் என்று அரசனிடம் கெஞ்சுகிறான் ரூடிகர். விடவில்லை. கேடயம் உடைந்து நிற்கும் ஹாகனுக்குத் தன் கேடயத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போரில் இறங்குகிறான். தான் பரிசளித்த வாளாலேயே, கிரீம்ஹில்டின் இன்னொரு சகோதரன் கேர்னோட் கையில் சாகிறான். கேர்னோட்டும் அவன் கையில் சாகிறான்.

நான் செய்யாறு பக்கத்து ஊர்க்காரி. விடிய விடிய உட்கார்ந்து கர்ண மோட்சம் கூத்துப் பார்த்தவள். ரூடிகரைப் படித்ததும் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்தான் வாயில் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். வியாழக்கிழமைகளில் காபிக்குக் கூப்பிட்டு என் ஜெர்மனைத் திருத்துவார். அவரிடம் உற்சாகமாகச் சொன்னேன்: "உங்கள் மக்களின் குணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. சொன்ன சொல்லுக்காக உயிரையும் விடுவது. எங்களிடமும் அதற்கு ஒரு சொல் உண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என் அப்பாவைக் கைவிட்டார்கள்" என்றார்.

1909இல் ஜெர்மன் சான்சலர் பியூலோ, ஆஸ்திரியாவோடு உள்ள உறவை நாடாளுமன்றத்தில் 'நீபெலுங்கன் விசுவாசம்' என்று புகழ்ந்தார். ஐந்து ஆண்டுகளில் இரண்டு நாடுகளும் சேர்ந்தே போரில் இறங்கின. 1943 ஜனவரி 30 அன்று ஹிட்லரின் வலதுகை கோரிங் வானொலியில் பேசினார்: ஸ்டாலின்கிராட்டில் சிக்கிய படை, நெருப்பு மண்டபத்தில் தம் ரத்தத்தையே குடித்துக் கடைசிவரை போராடிய நீபெலுங்கர்களை, அதாவது காவியத்தில் கிரீம்ஹில்டின் சகோதரர்களின் கூட்டத்தைப் போன்றது என்று. அந்தப் படை அப்போது இன்னும் உயிரோடு இருந்தது. ஏறத்தாழ 91,000 பேர் சிறைப்பட்டார்கள். சுமார் 6,000 பேர்தான் வீடு திரும்பினார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் அப்பா திரும்பவில்லை. உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இரங்கல் வாசித்துவிட்டார்கள் என்று அவர் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இன்று செய்தித்தாளில் ஒருவருடைய விசுவாசத்தை நீபெலுங்கன் விசுவாசம் என்று எழுதினால் அது கண்டனம். கண்ணை மூடிக்கொண்டு கூட நின்றார் என்று பொருள். ஒரே சொல் நூறு ஆண்டுகளில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஜெர்மன் மனதைப் பற்றி அந்தக் காவியத்தைவிட இந்தத் திருப்பம்தான் எனக்கு அதிகம் சொல்கிறது.

இது ஜெர்மானிய ரத்தத்தில் ஊறிய காவியம் என்ற பேச்சை நான் இப்போது நம்புவதில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு அதைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 1755இல் ஹோஹெனெம்ஸ் அரண்மனை நூலகத்தில் ஒரு மருத்துவர் கண்டெடுத்தார். பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர், ஒரு குண்டுக்கான வெடிமருந்துக்குக்கூடப் பெறாது என்று எழுதினார். நெப்போலியனிடம் தோற்ற காலத்துக் காயம்தான் அதைத் தேசிய காவியமாக்கியது. 1815இல் போர்வீரர்கள் கொண்டுபோகவே ஒரு பதிப்பு வந்தது. தேவைப்பட்டபோது எடுத்துக்கொண்டார்கள், தங்களுக்கு வேண்டிய பாட்டை மட்டும். பாடியவரோ தொடக்கத்திலிருந்தே அழிவை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே போகிறார். முடிவில் வெற்றி என்று எதுவும் இல்லை. பெரும்பாலான சுவடிகளில் இதன் பின்னாலேயே 'கிளாகெ' என்ற நீண்ட ஒப்பாரி சேர்ந்து வருகிறது. அதை ஏன் யாரும் வானொலியில் வாசிக்கவில்லை?

போன வருடம் மகளின் வகுப்பில் இந்தக் கதை வந்தது. இந்த அழிவை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று வீட்டுப்பாடம். வியாழக்கிழமை காபிக்கு அவளும் வந்தாள். தேவாலய வாசலிலேயே என்றாள் மகள், ஒருத்தி வழிவிட்டிருந்தால் போதும். எட்ஸெல் ரூடிகரைப் போக விட்டிருக்க வேண்டும் என்றேன் நான். பக்கத்து வீட்டு அம்மா தலையசைத்து மறுத்தார். ஹாகனை மட்டும் ஒப்படையுங்கள், மற்றவர்களை உயிரோடு விடுகிறேன் என்று கிரீம்ஹில்ட் கேட்கிறாளே, அந்த இடம் என்றார். கூட வந்தவனைக் காட்டிக்கொடுப்பதா என்று நான் கேட்டேன். ஒரு கொலைகாரனுக்காக ஆயிரக்கணக்கானவர்களா என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மகள் மூன்றையும் எழுதிக்கொண்டாள்.