சம்பளமும் கருவாடும்: வேதாளையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 16

நேற்று முதல் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள்களுக்குத் திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. விசைப்படகு போகாவிட்டால் ஐஸ் விற்காது. ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் வேதாளைக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில் இயந்திரங்களில் ஒன்றை நிறுத்திவிட்டு, உப்புநீர்த் தொட்டியிலிருந்து தகர அச்சுகளை வெளியே எடுத்துத் துரு சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். நண்பகலுக்கு மேல் எனக்கு வேலை இல்லை. இந்த இரண்டு மாதமும் சம்பளம் பாதிதான். மீனவக் குடும்பங்களுக்கான தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று சென்ற ஆண்டு மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளைக்கு நிவாரணம் தர வேண்டும் என்று எந்த மாநாட்டிலும் யாருக்கும் தோன்றியதில்லை.

சில ஆண்டுகளாகப் பேச்சளவில் இருந்த கருவாட்டுத் தொழிலை இந்தத் தடைக்காலத்தில் தொடங்குவது என்று முடிவெடுத்திருக்கிறோம். வேலையை விடுவதாக இல்லை. முதலாளியிடம் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். அவருடைய வாடிக்கையாளர்களான மீன் வியாபாரிகளிடமே நானும் மீன் வாங்க நேரலாம் என்பதால், பிறர் வாய்வழியாக அவர் காதுக்கு எட்டுவது முறையாகாது. "கம்பெனி நேரத்தில் கருவாடு வாசம் வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

2024 மே 5

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகளும் கரைவலைகளும் ஓய்வதில்லை. மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கரையில் நெத்திலி கிடைக்கிறது. விசைப்படகு மீன் இல்லாத காலமாதலால் விலைதான் ஏறிவிடுகிறது. கிலோ 130 ரூபாய்க்கு வாங்குகிறோம். வெயிலோ ஆண்டு முழுவதிலும் இப்போதுதான் உச்சம். மீன் மலியும் காலத்தில் எனக்கு நேரம் இருக்காது, எனக்கு நேரம் இருக்கும் காலத்தில் மீன் மலியாது. இந்த முரணை வைத்துக்கொண்டே தொழில் செய்ய வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது.

காய வைக்கும் பொறுப்பு முழுவதும் சித்தியுடையது. இளம் வயதிலிருந்து கருவாடு போட்டவர் அவர். மணலில் பரப்பிக் காய வைப்பதே இங்கே பழக்கம். நாங்கள் சவுக்குக் கம்புகளை நட்டு, இடுப்பளவு உயரத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டிப் பரண் போட்டிருக்கிறோம். கீழிருந்தும் காற்றுப் படுவதால் மீனைப் புரட்டிப் போடும் வேலை குறைகிறது. மண் ஒட்டுவதில்லை, நாயும் எட்டாது. காக்கைக்கும் ஈக்கும் மேலே இன்னொரு மெல்லிய வலை. ஈ முட்டையிடுவது மீன் ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில்தான் என்பதால், கழுவிப் பரப்பிய கையோடு மேல்வலை விரிக்கப்பட்டாக வேண்டும் என்பதில் சித்தி ஒரு பொழுதும் விட்டுக்கொடுப்பதில்லை.

காய்ந்துவிட்டதா என்று அவர் பார்க்கும் விதத்தை இன்று பக்கத்தில் நின்று கவனித்தேன். வால் பக்கம் எப்போதும் முதலில் காய்ந்துவிடுமாம். அதை நம்பக் கூடாதாம். பரணின் நடுவிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வயிற்றுப் பக்கத்தில் இரண்டு கட்டைவிரல்களாலும் வளைக்கிறார். பட்டென்று ஒடிந்தால் சரி. வளைந்து கொடுத்துப் பிறகு கிழிந்தால் இன்னும் அரை நாள் வெயில் வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி முறத்தில் போட்டு, விழும் சத்தத்தைக் கேட்கிறார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகவே கேட்டது.

2024 மே 27

உணவுப் பாதுகாப்புப் பதிவு வந்துவிட்டது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பதினான்கு இலக்கப் பதிவு எண்ணைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். அதோடு எடை, அதிகபட்ச விலை, அடைத்த மாதம், முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவையும் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பெங்களூருவிலிருந்து ஒரு உறவினர் மாதம் ஐந்து கிலோ கேட்டார். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கும்வரை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பொட்டலமிட்டு வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் விற்பனை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்யும் வேலையைக் கம்பெனிக்குச் செய்வதே போதும் என்று, ஊருக்கு வரும்போது வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

2024 ஜூன் 19

தடை நீங்கியதிலிருந்து கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கின்றன. இரவிலும் அரவை இயந்திரம் ஓடுகிறது. வீட்டில் மனைவியும் சித்தியுமே மீன் வாங்கி, கழுவி, காய வைக்கிறார்கள். நான் இரவில் எடை போட்டுப் பொட்டலம் ஒட்டுவதோடு சரி.

2024 ஜூலை 21

பாக் விரிகுடாப் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி அவற்றுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பது நெடுநாளைய ஏற்பாடு. இதனால் கம்பெனியில் எனக்கு வேலை நெருக்கும் நாளும் தளரும் நாளும் முன்கூட்டியே தெரிகின்றன. தளரும் நாள்களின் மாலைகளைக் கருவாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டேன். வேறு ஊரில், ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பும் வேலையில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்று விடுமுறை, உட்கார்ந்து அடக்கவிலை போட்டேன். இப்போது நெத்திலி கிலோ 110 ரூபாய். ஒரு தடவைக்கு 40 கிலோ வாங்கினால் 4,400. கரையிலிருந்து கொண்டுவர 150, பை 200. நான்கு கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. உடைசலும் தூளும் போக ஒன்பதரை கிலோ விற்கத் தேறும். ஆகக் கிலோவுக்கு 500 ரூபாய் அடக்கம். 800 ரூபாய்க்கு விற்கிறோம், 300 ரூபாய் லாபம் என்று என் மனைவியிடம் கணக்கைக் காட்டினேன். அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் சித்தி கூலி எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. சித்தி உறவுக்காக வருகிறார். கூலி என்று நீட்டினால் கோபித்துக்கொள்வார். ஆனால் அவருக்கு முடியாமல் போகும் நாளில் வேறொருவரை அமர்த்தினால் அந்தப் பெண் உறவுக்காக வரப்போவதில்லை. நூறு நாள் வேலைக்கே இந்த ஆண்டு நாள் கூலி 319 ரூபாய். கழுவவும் காய வைக்கவும் பிரிக்கவும் தெரிந்த கைக்கு 400 ரூபாயாவது தர வேண்டும். சித்திக்கும் என் மனைவிக்கும் ஆளுக்கு ஒன்றரை நாள் என்று 1,200 ரூபாய் சேர்த்ததும் மொத்தச் செலவு 5,950 ஆகி, கிலோவின் அடக்கம் 626 ரூபாய்க்குப் போய்விட்டது. லாபம் 174. நான் இரவில் பொட்டலம் ஒட்டும் நேரத்துக்கு இதில் இன்னும் ஒன்றும் போடவில்லை.

வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்குபவர்களை ஏமாற்றுவது இந்த இடம்தான் என்று எனக்குப் படுகிறது. சம்பளம் வீட்டுச் செலவைத் தாங்கிக்கொள்கிறது, வீட்டார் உழைப்பு கூலிச் செலவைத் தாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தொழில் தன் காலில் நிற்பதுபோல் காட்டிக்கொள்கிறது. இன்று முதல் இருவர் கூலியும் நோட்டில் எழுதப்பட்டு, தனி வங்கிக் கணக்கில் போடப்படும். சித்தியின் பங்கை அவருடைய பேத்தியின் பெயரில் போடுவது என்றதும் அவர் மறுக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 6

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயவில்லை. வெயிலோடு இந்தக் காற்றும் சேர்ந்தால் நெத்திலி ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. ஆனால் இடுப்பளவு உயரப் பரணுக்கும் மணலை வாரி இறைக்கிறது. கருவாட்டில் மண் கரகரத்தால் வாங்கியவர் மறுமுறை கேட்க மாட்டார். மேற்குப் பக்கம் முழுவதும் பனையோலைத் தட்டி கட்டினோம். அதற்குப் பின் மணல் நின்றுவிட்டது. காற்றும் ஓரளவு குறைந்து, காய ஒன்றரை நாள் ஆகிறது. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கே கடை போடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தீர்த்தமாட வருபவரிடம் கருவாடு விற்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

2024 செப்டம்பர் 22

புரட்டாசி பிறந்ததும் தொலைபேசி அடங்கிவிட்டது. மதுரை, கோவை வாடிக்கையாளர்கள் ஐப்பசி வரட்டும் என்கிறார்கள். ஐப்பசி கழிந்தால் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் வீடுகளில் மீண்டும் மச்சம் கிடையாது. கருவாட்டுக்கு நாள்காட்டி இரண்டு: ஒன்றைக் கடல் எழுதுகிறது, மற்றதைச் சமையலறை எழுதுகிறது.

விற்பனை இப்படிப் படுத்திருக்கும் வாரத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். பரணைச் சுற்றிப் பார்த்தார்; நெத்திலியை ஒடித்து வாயில் போட்டுப் பார்த்தார். மாதம் 200 கிலோ வேண்டும், கிலோ 520 ரூபாய், பணம் 45 நாள் கழித்து என்றார். மாதம் ஒரு லட்சத்து நாலாயிரம் என்று கேட்டபோது என் மைத்துனர் முகம் மலர்ந்துவிட்டது. கூலியை எழுதாத பழைய கணக்கில்கூட இதில் கிலோவுக்கு 20 ரூபாய்தான் மிஞ்சும். புதிய கணக்கில் 106 ரூபாய் நஷ்டம். இவ்வளவு மீனுக்குக் கரையில் ரொக்கம் கொடுத்துவிட்டு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். அத்தனை கருவாடு போட நான்கு மடங்கு பரணும் வேண்டும். மறுத்துவிட்டேன். மரியாதைக்குறைவாக எதுவும் பேசாமல், தேநீர் குடித்துவிட்டு, "மனசு மாறினால் சொல்லுங்க தம்பி" என்று கூறிப் போனார்.

சம்பளம் எதற்குப் பயன்படுகிறது என்று இதுவரை யாராவது கேட்டிருந்தால், அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் என்று சொல்லியிருப்பேன். இன்று அது வேண்டாம் என்று சொல்லும் உரிமையாகப் பயன்பட்டது. புரட்டாசியில் கையில் காசில்லாமல் நின்றிருந்தால் இந்த 520 ரூபாயை இரு கையாலும் வாங்கியிருப்பேன். அவர் புரட்டாசியில் வந்ததும் தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

2024 நவம்பர் 21

நேற்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இங்கும் தெருவெங்கும் தண்ணீர். ஐப்பசி பாதியிலிருந்தே பரணைக் கழற்றி வைத்துவிட்டோம். வெயில் காலத்தில் சேர்த்த இருப்பை மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பீப்பாய்களில் அடைத்து, தரையில் படாமல் பலகை மேல் ஏற்றியிருக்கிறோம். இந்தக் காற்றில் அரை மணி நேரம் திறந்து கிடந்தால் உப்பிட்ட வாளைக் கருவாடு நீர் கக்கத் தொடங்கிவிடும். நனைந்த உப்பில் சிவப்பு நிறம் படியும். உப்பில்லாத நெத்திலிக்கு வண்டுப் பயம். வெற்றிடப் பொட்டலம் போடலாம் என்று ஒரு கடையில் முயன்று பார்த்தோம். காற்றை உறிஞ்சியதும் வாளையின் முள் உள்ளிருந்தே பையைக் குத்திவிட்டது. நெத்திலிக்கு அது சரிப்படும். வாளைக்குத் தடித்த பை இரண்டு அடுக்காகப் போடுவதே நல்லது.

கம்பெனியிலும் படகு போகாததால் விற்பனை இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும்.

2025 ஜனவரி 12

பொங்கலுக்கு முன் கணக்கை முடித்தேன். மே முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 310 கிலோ விற்றிருக்கிறோம். எல்லாக் கூலியும் போக ஐம்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம். எட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். என் சம்பளம் பத்தொன்பதாயிரம். ஜூலை ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் பதினாலாயிரம் வரை வந்திருக்கிறது. அந்த மாதத்தில்தான் மைத்துனர் "இன்னும் எதற்கு ஐஸ் கம்பெனி?" என்று கேட்டார். ஜூலையை வைத்து வேலையை விட்டவன் நவம்பரில் என்ன செய்வான் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. புரட்டாசியும் அடைமழையும் கார்த்திகை விரதமும் உள்ளிட்ட முழு ஆண்டு ஒன்றின் சராசரி என் சம்பளத்தில் முக்கால் பங்கைத் தொடும்வரை முழு ராஜினாமா என்ற பேச்சை எடுப்பதில்லை என்று நானும் மனைவியும் பேசி முடித்துவிட்டோம்.

அதே நேரத்தில் என் நேரம்தான் இப்போது தடை. சித்திக்குத் துணையாக அடுத்த வீட்டுப் பெண் ஒருவர் வரத் தயார். மீன் வாங்கக் கரைக்குப் போக ஆள் இல்லை. இன்று முதலாளியைப் பார்த்துக் காலை வேலை மட்டும் தர முடியுமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தடைக்காலம் முடிந்த முதல் மாதத்தில் முழு நாளும் இருக்க வேண்டும், இரவுக் கணக்கும் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் மற்ற மாதங்களில் ஒரு மணியோடு போகலாம், சம்பளம் பன்னிரண்டாயிரம் என்றார். பதின்மூன்று கேட்டேன். பொங்கல் கழித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

2025 பிப்ரவரி 2

சம்பளப் பேச்சு பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து ஒரு மணிக்கு வெளியே வந்துவிடலாம். குறையும் ஆறாயிரத்து ஐந்நூறும் நாங்கள் இப்போது கருவாட்டில் ஈட்டுவதும் ஏறத்தாழ ஒன்று; எனவே வீட்டுச் செலவில் கை வைக்காமல் இந்த ஆண்டைக் கடத்திவிட முடியும். புதிய பரண் இரண்டுக்குச் சவுக்குக் கம்பு சொல்லியிருக்கிறேன். சித்தி கிழக்கு வேலி ஓரத்தில் போடச் சொல்கிறார். அங்கே மாலையில் முருங்கை நிழல் விழுகிறதே என்றால், மரத்தை வெட்டு என்கிறார். கிளையை மட்டும் கழித்தால் போதும் என்பது என் மனைவியின் கட்சி. நாளை மறுநாள் கம்பு வந்து இறங்கும்.