5.56 காலி உறைகள்: கிரிம்ப்பைத் தொடாமல் விற்ற அனுபவம்

லேக் சிட்டி 5.56 ரைஃபிள் தோட்டாக்களைச் சுட்ட பிறகு மிஞ்சும் காலிப் பித்தளை உறைகள் எல்லாம் விற்றுப் போய்விட்டன. ஆயிரம் உறை ஒரு பை, பை 95 டாலர், தபால் செலவு தனி. வாங்கியவர்கள் யாரும் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அடுத்த தொகுதி வந்தால் முதலில் தங்களுக்குச் சொல்லும்படி சிலர் கேட்டும் வைத்திருக்கிறார்கள். நான் பிரைமரை (உறையின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை) கழற்றவில்லை, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப்பைத் தொடவில்லை, எஃகு ஊசி போட்டுப் பளபளப்பாக்கவும் இல்லை. எல்லா வேலையும் முடித்து விற்றால்தான் காசு என்று ரீலோடிங் (காலி உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றுவது) செய்கிற நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ராணுவ உறைகளைப் பொறுத்தவரை அது தப்புக் கணக்கு என்று எனக்கு இப்போது உறுதியாகிவிட்டது. அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது. டெக்சாஸில் நான் உறுப்பினராக இருக்கும் ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) எங்கள் சிறு குழு ஒன்று எம்193 என்ற ராணுவ வகை 5.56 தோட்டாக்களைப் பெட்டியாக வாங்கிச் சுடுகிறது. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து உறை என் வாளியில் விழுவதுவரை எல்லாம் கண் முன்னால் நடக்கிறது. ரேஞ்சிலும் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். பல ரேஞ்சுகள் தரையில் கிடக்கும் பித்தளையை மொத்தமாக விற்றுச் செலவைச் சரிக்கட்டுகின்றன, அதில் கை வைத்தால் உறுப்பினர் அட்டையே போய்விடும்.

உறையின் அடியில் எல்.சி. என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். சிலவற்றில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரையும் சேர்ந்திருக்கும். எல்.சி. என்பது மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941-இல் தொடங்கிய லேக் சிட்டி என்ற அமெரிக்க ராணுவத் தொழிற்சாலையின் அடையாளம். 2020 அக்டோபரிலிருந்து ஓலின் வின்செஸ்டர் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை ஒப்பந்தத்தில் நடத்துகிறது. நிர்வாகம் கைமாறியும் எல்.சி. முத்திரைக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பு குறையவில்லை.

இனி கிரிம்ப். ராணுவத் தோட்டாவில் பிரைமர் பின்னால் நழுவி வராமல் இருக்க, அதைச் சுற்றியுள்ள பித்தளையை லேசாக உள்நோக்கி அழுத்திவிடுகிறார்கள். மறுபடி பிரைமர் ஏற்ற வேண்டுமானால் அந்த விளிம்பை ஒன்று ரீமரால் சீவ வேண்டும், இல்லை ஸ்வேஜ் கருவியால் பின்னுக்குத் தள்ள வேண்டும். இந்த வேலையை முடித்துக் கொடுத்தால் உறைக்கு மூன்று காசு (சென்ட்) கூடக் கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் போடும் கணக்கு.

சரி, அந்த மூன்று காசுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். என்னிடம் இருப்பது டில்லான் சூப்பர் ஸ்வேஜ் 600. நல்ல கருவி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறைக்குள் ஒரு தண்டு நுழைந்து அடிப்பகுதியைத் தாங்கிக்கொள்ளும், வெளியிலிருந்து கூம்பு முனை வந்து பிரைமர் குழியின் வாயை விரிக்கும். உறையின் அடிக்கட்டி எவ்வளவு தடிமன் என்பதை வைத்துத்தான் அந்தத் தண்டின் நீளத்தைச் சரிசெய்ய முடியும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அந்தத் தடிமன் மாறும். எல்.சி.க்குச் சரிசெய்து வைத்ததில் டபிள்யூ.சி.சி. என்ற வேறு முத்திரை உறையைப் போட்டால் கிரிம்ப் பாதிதான் போகும், அல்லது குழி தேவைக்கு மேல் விரிந்துவிடும். விரிந்த குழியில் பிரைமர் இறுக்கமாக நிற்காது. 5.56-இன் அழுத்தத்தில் அப்படிப்பட்ட உறை குப்பைக்குத்தான் போகவேண்டும். ஆகவே முதலில் முத்திரை வாரியாகப் பிரிக்கணும், அப்புறம் பிரைமரைக் கழற்றணும், கருவியைச் சரிசெய்யணும், அழுத்தணும், அளவுகோல் விட்டுப் பார்க்கணும். ஆயிரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். கிடைக்கிற கூடுதல் தொகை 30 டாலர். அதிலும் குழி தளர்ந்திருக்கிறது என்று ஒருவர் திருப்பி அனுப்பினால் அந்தப் பணமும் தபாலுக்கே சரி.

இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. உறை ஒரே ஒரு முறைதான் சுடப்பட்டது என்பதற்கு அந்தக் கிரிம்ப்தான் சாட்சி. மறுபடி பிரைமர் ஏற்றியிருந்தால் கிரிம்ப் உடைந்திருக்கும். முதல் பிரைமர் அப்படியே உட்கார்ந்திருந்து, சுற்றிலும் தொழிற்சாலை பூசிய வண்ண அரக்கின் மிச்சமும் தெரிந்தால், வாங்குகிறவர் என் வார்த்தையை நம்ப வேண்டிய தேவையே இல்லை. பையைத் திறந்து பார்த்தாலே போதும். நான் மெனக்கெட்டு அதை எடுத்துவிட்டால், ஒரு முறை சுட்டதுதான் என்று என் வாயால் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு ஆதாரம் இல்லை. கூலியும் போய், சாட்சியையும் அழித்துவிட்டு விற்பதில் என்ன லாபம்?

கழுவுவதிலும் இதே எண்ணம்தான். உறையின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு வெப்பக் கறை இருக்கும். கழுத்தை மென்மையாக்கச் சூடு காட்டியதன் தடம் அது. வணிகத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதைத் துடைத்து மினுக்கிவிடுவார்கள், ராணுவத் தயாரிப்பில் அப்படியே விட்டிருப்பார்கள். எஃகு ஊசியோடு மணிக்கணக்கில் உருட்டினால் அந்தக் கறை மறைந்துவிடும், உறை வாயும் அடிபட்டு மழுங்கும். நான் பாத்திரம் கழுவும் சோப்பும் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகையும் போட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம் உருட்டி எடுத்துவிடுகிறேன். அமிலம் கூடிப்போனால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து உறை இளஞ்சிவப்பாகிவிடும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்ற கலவைதான் உறைக்கு வலுவைத் தருகிறது, அதைக் கெடுக்கக் கூடாது.

அம்மோனியா கலந்த பாலிஷ் பக்கமே போகாதீர்கள். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, உள்ளிறுக்கம் மிச்சமிருந்த பித்தளையைப் பிளந்ததுதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் வந்தது. நம் ஊர் மழையில் கண்டுபிடித்த பாடம் இது. ஆனாலும் இன்றுவரை அந்தப் பாலிஷை சிபாரிசு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காயவைப்பது டெக்சாஸ் வெயிலில் பெரிய விஷயமில்லை. ஆனால் பிரைமர் கழற்றாத உறையில் அதன் பின்னால் தண்ணீர் தங்கும். வெளியே தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். அடுத்த வேலைக்கு இதுதான் எமன்.

அடுத்த வேலை எண்ணிக்கை. எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. பித்தளை விற்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கையால் எண்ண முடியாது, எடை போட்டுத்தான் எண்ண வேண்டும். .223 உறை (5.56-உம் இதே அளவுதான்) ஒன்று ஏறக்குறைய 6 கிராம், பவுண்டுக்கு 75 உறை. 9 எம்எம் கைத்துப்பாக்கி உறை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பவுண்டுக்கு 115-ஐ ஒட்டி வரும். இந்தச் சராசரியை அப்படியே எடுத்துக்கொண்டு பை கட்டினால் எண்ணிக்கை தவறும். 9 எம்எம்மில் 55 கிரெயினுக்கு (ஏறக்குறைய 3.6 கிராம்) பக்கத்தில் நிற்கும் உறையும் உண்டு, 60-ஐ (3.9 கிராம்) தாண்டுவதும் உண்டு. கலப்பு முத்திரையில் மேலே கிடப்பதும் அடியில் கிடப்பதும் ஒரே கலவையாக இருக்காது. ஆயிரத்துக்கு இருபது முப்பது குறைந்தால் வாங்கியவர் நிச்சயம் எண்ணிப் பார்த்துச் சொல்வார்.

என் முறை இதுதான். நன்றாகக் கலக்கிவிட்டு மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து நூறு நூறாகக் கையால் எண்ணி எடுத்து நிறுக்கிறேன். மூன்று எடையும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் அந்தத் தொகுதியை எடையால் எண்ணலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முத்திரை வாரியாக இன்னும் பிரிக்க வேண்டும், அல்லது இன்னும் காயவைக்க வேண்டும். எல்.சி. மட்டும் தனியாகப் பிரித்தபோது மூன்று எடையும் ஒட்டி ஒட்டி வந்தது பார்க்கவே அழகாக இருந்தது. என் சமையலறைத் தராசு 5 கிலோவரைதான் தாங்கும், ஆயிரம் உறை 6 கிலோ வரும். அதனால் ஐந்நூறு ஐந்நூறாக நிறுத்துப் பையில் சேர்க்கிறேன். எல்.சி. என்றால் ஆயிரத்துக்குப் பத்து உறை கூடுதலாகப் போடுவேன், கலப்பு 9 எம்எம் என்றால் இருபது. அந்தப் பத்து உறைக்கு எனக்கு ஒரு டாலர்கூட ஆகாது. எண்ணிக்கை சரியாக இருந்தது என்று வாங்கியவர் நாலு பேரிடம் சொன்னால் அடுத்த விற்பனைக்கு அது உதவும்.

நிறுக்கும் முன் காந்தம் விட்டுப் பார்க்க வேண்டும், பித்தளை முலாம் பூசிய எஃகு உறை கண்ணுக்குத் தப்பிவிடும். 9 எம்எம் வாளியில் .380 என்ற வேறு கைத்துப்பாக்கி உறை ஒளிந்திருக்கும், நீளம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர்தான் குறைவு. சிலவற்றில் உட்சுவரில் படி வைத்த உறைகள் வரும், அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சுடாத தோட்டா ஒன்று தவறி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கைப்பிடியையும் பரப்பிப் பார்க்கணும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான், அவசரப்பட்டால் ஆகாது. பிரைமர் புகையில் ஈயம் இருக்கிறது. இந்த வேலையெல்லாம் வீட்டுக்குள் வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கழுவிய தண்ணீரிலும் ஈயம்தான், தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

விலை எப்படிப் போட்டேன் என்று கேட்டவர்களுக்கு. அடிமட்ட விலையைப் பழைய உலோகக் கடைதான் தீர்மானிக்கிறது. எங்கள் பக்கம் பவுண்டுக்கு இரண்டே கால் டாலர் தந்தார்கள், அதாவது .223 உறை ஒன்று மூன்று காசு. (நான் முதலில் கேட்ட கடையில் தோட்டா சமாச்சாரமே வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள்.) மேல்மட்டம் புது உறையின் விலை. இடையில் எங்கே நிற்பது என்பதை முத்திரை, பிரித்திருக்கும் சுத்தம், எங்கிருந்து வந்தது என்ற நம்பிக்கை இவை மூன்றும்தான் முடிவு செய்கின்றன. எல்.சி., ஒரே இடத்துச் சரக்கு, கிரிம்ப் முழுசு என்றால் ஒன்பதரைக் காசு நியாயமான விலை. தரையில் பொறுக்கிய கலப்பு முத்திரைக்கு நானே ஆறு காசுக்கு மேல் தரமாட்டேன்.

சந்தை நிலவரமும் உண்டு. 2009 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, ராணுவம் சுட்ட உறைகளை நசுக்கித்தான் விற்க வேண்டும் என்று ஆரம்பித்தது. மொன்டானா செனட்டர்கள் ஜான் டெஸ்டரும் மேக்ஸ் பாக்கஸும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள், கொஞ்ச நாளிலேயே துறை அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அது நிலைத்திருந்தால் இன்று நான் எழுதும் விலையெல்லாம் வேறாக இருந்திருக்கும். பிரைமர் கிடைக்காத காலத்திலும் கவனம் தேவை. உறையை வாங்கி வைத்து என்ன செய்வது என்று பலர் ஒதுங்கிவிடுவார்கள், அப்போது அவசரப்பட்டு விற்கக் கூடாது. பித்தளை கெட்டுப்போகாது, ஈரமில்லாமல் மூடி வைத்தால் போதும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது ஒரு விஷயத்தில். ரேஞ்ச் தரையில் கூட்டி அள்ளியதை ஒரு முறை சுட்டது என்று எழுதி விற்கிறார்கள். எத்தனை முறை சுட்டது என்று அள்ளியவருக்கே தெரியாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட .308 உறைகளையும் அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறைகள் தளர்வானவை, உறை அடிப்பக்கம் நீண்டுபோயிருக்கும், இரண்டாவது முறையிலேயே அடி தனியாகப் பிய்ந்து வரலாம். அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிறவர் ஒரு மனிதர். தெரியாது என்றால் தரையில் எடுத்தது என்று எழுதி இரண்டு காசு குறைத்து விற்றால் என்ன குறைந்துவிடும்?

தபால் பற்றிச் சுருக்கமாக. அஞ்சல் துறையின் ஒரே கட்டணப் பெட்டியில் நடுத்தர அளவு போதும், 70 பவுண்டுவரை ஏற்பார்கள், ஆயிரம் 5.56 உறை தாராளமாக அடங்கும். பெட்டியின் மூலைதான் கிழியும், இரட்டைப் பையும் எல்லா ஓரத்திலும் டேப்பும் அவசியம். சுடாத தோட்டாவோ உயிருள்ள பிரைமரோ அதில் போகக் கூடாது. நாட்டுக்கு வெளியே அனுப்பக் கேட்டால் மறுத்துவிடுங்கள், ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியாவுக்கு, ஊருக்குப் போகும்போது பையின் மூலையில் ஒரு காலி உறைகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது, விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் என்று ஆரம்பித்தால் விடுமுறையே போய்விடும்.

வாய் நசுங்கியதும் கழுத்து வெடித்ததுமான 5.56 உறைகளைத் தனி டப்பாவில் சேர்த்து வருகிறேன். 5.56 உறையை வெட்டி .300 பிளாக்அவுட் என்ற வேறு தோட்டாவுக்கு உறை செய்கிறவர்களுக்கு அவை நல்ல சரக்கு. 44.7 மில்லிமீட்டர் உறையை எப்படியும் 34.7-க்கு வெட்டப் போகிறார்கள், கெட்டுப்போன மேல்பகுதி அவர்களுக்குத் தேவையே இல்லை. பாதி விலை போட்டால் போகும் என்று நினைக்கிறேன். எல்.சி. உறையின் சுவர்த் தடிமன் அந்த வேலைக்கு ஒத்துவருகிறது என்பதால் மற்ற முத்திரைகளை அந்த டப்பாவில் கலப்பதில்லை.

9 எம்எம் இன்னும் பாதிதான் பிரித்திருக்கிறேன். அதற்குள் .45 ஏசிபி கைத்துப்பாக்கி உறை வாளி ஒன்று வந்து சேர்ந்துவிட்டது, பெரிய பிரைமரும் சிறிய பிரைமரும் கலந்து. சிறியதைத் தனியாகக் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார், அதனால் 9 எம்எம்மை நிறுத்திவிட்டு இதைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன். தட்டில் அடி மேலாக நிற்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. விலை இன்னும் போடவில்லை, பிரித்து நிறுத்த பிறகு எழுதுகிறேன்.