பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டர்: வீட்டின் இணைய, கைப்பேசி, டிவி செலவைக் குறைத்த விதம்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஓராண்டுக்கான வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்து, இணையத்துக்கும் கைப்பேசிக்கும் டிவிக்கும் போன தொகைகளை மட்டும் சிவப்பு மையால் கோடிட்டேன். கூட்டிப் பார்த்தபோது 30,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. நானும் என் மனைவியும் அம்மாவும் மட்டுமே உள்ள வீட்டுக்கு இது மிக அதிகம் என்று தோன்றியதால், ஒவ்வொரு செலவையும் தனித்தனியே எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் பிராட்பேண்ட். விளம்பரத்தில் 699 ரூபாய் என்று இருப்பது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 824 ரூபாய் 82 காசாக வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை நாங்கள் 499 ரூபாய்த் திட்டத்தில்தான் இருந்தோம். படுக்கையறையில் வீடியோ அடிக்கடி நின்று நின்று ஓடியதால் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். எதிர்முனையில் பேசியவர், எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்துக்கு மாறச் சொன்னார். நானும் மாறினேன், வீடியோ அப்போதும் நின்றது. இந்த முறை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று கைப்பேசியில் வேகத்தை அளந்தபோது 90க்கு மேல் காட்டியது. படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து அளந்தால் 6தான். காரணம் கண்ணெதிரே இருந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் ஒயர் நுழைந்த இடத்திலேயே, முன்னறை இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாக ரவுட்டரை வைத்துவிட்டுப் போயிருந்தார். இரும்பைத் தாண்டி வைஃபை அலை எளிதில் போகாது. சுவர்கள் குறுக்கிட்டால், வைஃபையில் வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் விரைவாகத் தேய்ந்துவிடும். நீளமான ஒயர் ஒன்றை வாங்கி, ரவுட்டரை நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆணியடித்து மாட்டிய பிறகு, அதே கட்டிலில் 60க்கு மேல் வந்தது. எச்டி வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும் என்பதால், மறு மாதமே 40 எம்பிபிஎஸ் தரும் பழைய திட்டத்துக்குத் திரும்பிவிட்டோம். மாதம் 236 ரூபாய் மிச்சம்.

அடுத்தது அம்மாவின் கைப்பேசி. அதற்கு 28 நாளுக்கு ஒருமுறை 299 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தேன். மாதம் 299 என்றே மனத்தில் பதிந்திருந்தது. உண்மையில் ஆண்டுக்கு 13 முறை, அதாவது 3,887 ரூபாய். அம்மா இணையம் பயன்படுத்துவது வீட்டு வைஃபையில் மட்டுமே. பேத்திகளோடு வாட்ஸப்பில் பேசுவதும் அதில்தான். தினமும் கிடைத்த ஒன்றரை ஜிபி டேட்டாவை அவர் ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான தனித் திட்டங்களை நிறுவனங்கள் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்ததை நாளிதழில் படித்திருந்தும், அது அம்மாவுக்கானது என்று எனக்கு உறைக்கவில்லை. இந்தத் திட்டங்கள் செயலியின் முதல் பக்கத்தில் தென்படுவதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும். 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்ற திட்டத்தைப் போட்டேன். ஓய்வூதியம் வந்த செய்தியும் வங்கி ஓடிபியும் முன்போலவே வருகின்றன.

கேபிளுக்கு 412 ரூபாய் கட்டிவந்தோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முறைப்படி, வேண்டிய சேனல்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. கேபிள்காரரிடம், "தம்பி, எங்கள் பாக்ஸில் என்னென்ன பேக் ஓடுகிறது, எடுத்துக் காட்டுங்கள்" என்றேன். ஒரே தமிழ்ச் சேனல் எச்டியிலும் சாதாரண வடிவிலுமாக இரண்டு முறை இருந்தது. யாரும் பார்க்காத இந்திச் சேனல்களின் தொகுப்பும் இருந்தது. "யாரும் கேட்கிறதில்லை சார், கேட்டால் எடுத்துவிடப் போகிறோம்" என்றார். அம்மா பார்க்கும் தொடர்களுக்கான சேனல்களையும் செய்திச் சேனல்களையும் வைத்துக்கொண்டதில் கட்டணம் 265 ஆனது.

ஓடிடி ஒன்றுக்கு ஆட்டோபே வழியாக 1,499 ரூபாய் தானாகவே போயிருந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்தேன். என் கைப்பேசியிலும் மனைவியின் கைப்பேசியிலும் கைவைக்கவில்லை. இருவருக்கும் வெளியே டேட்டா வேண்டும்.

இவற்றால் ஆண்டுக்கு 8,133 ரூபாய் குறைகிறது. மீதமிருப்பது 199 ரூபாய் வீதம் நான் உயிரோடு வைத்திருக்கும் இரண்டாவது சிம். அதை உடனே விட்டுவிட முடியாது. கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும், என் பழைய வங்கிக் கணக்கும் ஆதாரும் இன்னும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. வங்கியில் எண்ணை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆதாருக்கு நேரில் போய் மாற்ற வரும் சனிக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன்.