கடலூருக்கு 18 பைட்டுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் 12 ஆண்டுகளாக என் அலுவலகம். தனியாளாகக் கைபேசிச் செயலிகள் எழுதிப் பிழைக்கிறேன். அவற்றுள் நான் மிகவும் விரும்பியது, ஒரு பெரிய குறும்பதிவுத் தளத்தைத் தமிழில் வசதியாகப் படிக்க உதவிய செயலி. வெளியார் செயலிகள் தளத்தோடு இணைவதற்கான ஏபிஐ வசதியை அந்தத் தளத்தார் ஒருநாள் நிறுத்தியபோது, பல ஆண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் வெற்றுத் திரையாயிற்று. வருமானம் போனதைக் காட்டிலும், ஏன் என்று கேட்பதற்கு ஆளே இல்லாமற்போனதுதான் என்னை வாட்டியது. என் மின்னஞ்சல்களுக்கு வந்தவையெல்லாம் தானியங்கி விடைகள். அதன்பின் துணிக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள், பள்ளிகளுக்குக் கட்டணச் செயலி என ஒப்பந்த வேலைகள் குடும்பத்தை நடத்தின. ஞாயிற்றுக்கிழமையில் கணினியைத் திறக்க மட்டும் மனம் வந்ததில்லை.

யார் வேண்டுமானாலும் தம் வழங்கியில் (சர்வரில்) நடத்தக்கூடிய திறந்த குறும்பதிவு வலையமைப்பான மாஸ்டடான் 2016 முதல் இருந்துவருவதை அறிந்திருந்தும் நான் அதை எட்டிப் பார்க்கவில்லை. நண்பர் ஒருவர் விடாமல் சொன்னதால்தான் ஒரு மழைநாளில் அதன் ஆவணங்களைப் படிக்க உட்கார்ந்தேன். அதன் வழங்கிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அடிப்படையான ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அதைப் படிக்கவோ அதன்படி நிரல் எழுதவோ யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு பதிவுக்கான 500 எழுத்து வரம்பை மாஸ்டடான் வழங்கி எப்படி எண்ணுகிறது என்ற ஐயம் எழுந்தபோது, வழங்கியின் மூலநிரலையே திறந்து பத்து நிமிடத்தில் விடை கண்டேன். அன்றிரவு உணவுக்குக் கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்கவில்லை என்று வீட்டில் இன்றும் குறை சொல்வார்கள்.

2024 பிப்ரவரியில் இன்னொரு குறும்பதிவுத் தளமான புளூஸ்கை, அழைப்பு இல்லாமலே எவரும் சேரலாம் என்று அறிவித்த பிறகு, அதன் ஏடி நெறிமுறையையும் என் புதிய செயலியில் சேர்த்தேன். அங்கே பெரும்பாலான கணக்குகள் இன்னும் ஒரே நிறுவனத்தின் வழங்கிகளில்தான் இருக்கின்றன. ஆகையால் 'திறந்த' என்ற சொல்லை மாஸ்டடானுக்குச் சொல்லும் அதே உறுதியோடு அதற்கு நான் சொல்வதில்லை. ஆனால் நான் செய்த பெரிய பிழையும், அதனால் பெற்ற பெரிய மகிழ்ச்சியும் அங்கேதான் நேர்ந்தன.

திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் செயலியை முதல் வாரத்திலேயே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். "தம்பி, ஊர்ப்பெயருக்குப் பின்னால் இணைப்பு கொடுத்தால், நீலநிறம் பெயரின் நடுவிலேயே விழுந்துவிடுகிறதே" என்று எழுதினார். என் சோதனைப் பதிவுகளில் எந்தக் கோளாறும் இல்லை. அவை அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. 'கடலூர்' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் தரமான யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாக நிற்பதால் ஆறு குறியீடுகள். அவற்றைக் கணினியின் சேமிப்பு அலகான பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் ஆவதால் மொத்தம் 18. புளூஸ்கையில் இணைப்பின் தொடக்கத்தையும் முடிவையும் பைட்டுக் கணக்கில் சொல்ல வேண்டும்; நானோ குறியீடுகளை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தேன். இடைவெளியையும் சேர்த்து 19 என்று சொல்லவேண்டிய இடத்தில் 7 என்று சொன்னால், நீலநிறம் 'லூ'வின் வயிற்றில் விழாமல் வேறெங்கே விழும்? ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்டு என்பதால் இந்தப் பிழை அங்கே தலைகாட்டவே இல்லை. நெறிமுறை ஆவணத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டியிருந்தேன்.

பிழையையும் திருத்தத்தையும் பொதுவில் எழுதி வைத்தேன். வங்காள மொழியிலும் தாய்லாந்து மொழியிலும் செயலி எழுதும் இருவர், தங்களுக்கும் இதே சிக்கல் என்று மறுமொழி தந்தார்கள்; அவர்களுள் ஒருவர் என் திருத்தத்திலேயே ஒரு குறையைக் காட்டினார். பழைய செயலிக்கு இதைவிடப் பலமடங்கு பயனர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவரோடும் நான் இப்படிப் பேசியதாக நினைவில்லை. புதிய செயலியின் சந்தாப் பணம் மாத மின்கட்டணத்துக்கே திணறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துணிக்கடை மென்பொருளை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தாம் மாறிவிட்டன.

ஆசிரியர் ஐயா போன மாதம் அடுத்த குறையோடு வந்தார். 'க்ஷ' என்று எழுதினால் பதிவில் மீதமுள்ள எழுத்துகளின் எண்ணிக்கை இரண்டு குறைகிறதாம். அதை ஓரெழுத்தாகத்தானே கொள்ள வேண்டும் என்று கேட்டார். அது என் செயலியின் கணக்கு அன்று, எழுத்துத் தொகுதிகளைப் பற்றிய யூனிகோடு விதியே அப்படித்தான் என்று விளக்கினேன்.

"அந்த விதியை எழுதுகிறவர்களுக்கு நாம் எழுத முடியுமா, தம்பி?"

"முடியும், ஐயா. பொதுமக்கள் கருத்தை வாங்கிக்கொள்கிறார்கள்."

தமிழ் இலக்கணப் பகுதியை அவர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் வரைவது என் பொறுப்பு.